மகளின் பங்கு: 2020 தீர்ப்பு தந்தது என்ன, கூர்சீட்டு தடுப்பது என்ன?

நீங்கள் எழுதியதை முதலில் வரிசையாக வைத்துக்கொள்கிறேன். உங்கள் அம்மாவுக்கு 1983இல் திருமணம். பாட்டி 1990இலும், தாத்தா 1997இலும் காலமானார்கள். தாத்தா உயில் எழுதவில்லை. அவர் பெயரில் 4 ஏக்கர் நஞ்சை இருந்தது. 1999இல் உங்கள் தாய்மாமன்கள் இருவரும் ஊர்ப் பெரியவர்களை வைத்துக் கூர்சீட்டு, அதாவது யாருக்கு எந்தப் பாகம் என்று தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் தாள், எழுதி, ஆளுக்கு 2 ஏக்கராகப் பிரித்துக்கொண்டார்கள். அதில் 1 ஏக்கரைச் சின்ன மாமா 2003இல் விற்றுவிட்டார். இப்போது மீதி 3 ஏக்கரை மனை போட விலை பேசுகிறார்கள். அம்மா தன் பங்கைக் கேட்டபோது மூன்று பதில்கள் வந்தன: “கல்யாணத்துக்கு நகை போட்டாயிற்று”, “1989 சட்டப்படியே உனக்குப் பங்கு இல்லை”, “அப்பா 2005க்கு முன்பே இறந்துவிட்டார், அதனால் புதிய சட்டமும் உனக்குப் பொருந்தாது.” 2020இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகும் இந்தப் பதில்கள் நிற்குமா என்பது உங்கள் கேள்வி.

மூன்றும் நிற்காது. ஆனால் அவை நிற்காது என்பதால் மட்டும் அம்மாவுக்கு நிலம் கிடைத்துவிடாது. பாகப்பிரிவினை வழக்குகளிலேயே பெரும்பகுதிக் காலத்தைக் கழித்த வழக்கறிஞர் என்ற முறையில் சொல்கிறேன்: பெண்கள் இந்த வழக்குகளில் தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் சட்டம் இல்லை. தீர்ப்பின் தலைப்பைக் கேள்விப்பட்டு நம்பிக்கையோடு வருவார்கள். அதன் விதிவிலக்குக்குள் தங்கள் குடும்பக் காகிதம் ஒன்று உட்கார்ந்திருப்பதை நீதிமன்றத்தில்தான் முதன்முதலில் பார்ப்பார்கள்.

சட்டம் வந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் மாமாக்களின் பதில்கள் அந்த வழியின் வெவ்வேறு கட்டங்களிலிருந்து எடுத்தவை. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே தீர்மானம் போட்டார்கள். 1956 ஜூன் 17இல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் அதில் பாதியைத்தான் தந்தது. தந்தை தானே சம்பாதித்த சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்றது. ஆனால் பரம்பரையாக வந்த கூட்டுக்குடும்பச் சொத்தில், பிறப்பாலேயே பங்குரிமை மகனுக்கு மட்டும் என்ற மிதாட்சர முறையை அப்படியே விட்டுவைத்தது. 1986இல் ஆந்திரம் அதை மாற்றியது. தமிழ்நாடு 1989இல் மாற்றியது. 1989 மார்ச் 25 முதல் மகளும் பிறப்பால் பங்குதாரர், ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்களுக்கு இல்லை. 1983இல் தாலி கட்டிக்கொண்ட உங்கள் அம்மா ஆறு வருட வித்தியாசத்தில் வெளியே நிறுத்தப்பட்டார். மாமாக்களின் இரண்டாவது பதில் இந்தக் கட்டத்தோடு நின்றுவிட்ட பதில்.

2005 செப்டம்பர் 9இல் நாடாளுமன்றத்தின் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதன் 6ஆவது பிரிவு, மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்குதாரர் என்கிறது. திருமணமானவர், ஆகாதவர் என்ற பாகுபாடு அதில் இல்லை. நாடாளுமன்றம் பின்னால் செய்த சட்டம் வந்தபிறகு தமிழ்நாட்டின் பழைய தடையைக் காட்டி மகளை விலக்க முடியாது. இதில் இப்போது பெரிய தகராறே கிடையாது.

தகராறு வந்தது மூன்றாவது பதிலில்தான். 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா? 2015 அக்டோபரில் பிரகாஷ் எதிர் புலவதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள், ஆம் என்றார்கள். உயிரோடு இருக்கும் பங்குதாரரின் உயிரோடு இருக்கும் மகளுக்குத்தான் இந்த உரிமை என்பது அந்தத் தீர்ப்பு. 2018 பிப்ரவரியில் தானம்மா வழக்கில் வேறு இரண்டு நீதிபதிகள், 2001இல் இறந்துபோன ஒருவரின் மகள்களுக்குச் சம பங்கு கொடுத்தார்கள். ஒரே நீதிமன்றம், ஒரே சட்டப் பிரிவு, எதிரெதிரான இரண்டு விடைகள். கீழமை நீதிமன்றங்களில் எந்தத் தீர்ப்பை முதலில் எடுத்து நீட்டுகிறோம் என்பதே வழக்கைத் தீர்மானிக்கும் நிலை வந்தது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வழக்கில் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, அப்துல் நசீர், எம்.ஆர். ஷா அடங்கிய மூவர் அமர்வு இதைத் தீர்த்துவைத்தது. தந்தை அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. 2015 தீர்ப்பு தள்ளப்பட்டது.

அந்தத் தீர்ப்பின் தர்க்கம் எனக்கு மிகவும் பிடித்தது. மகனுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் உரிமை எப்போது வருகிறது? தந்தை கொடுக்கும்போதா, இறக்கும்போதா? இரண்டுமில்லை, பிறக்கும்போது. தந்தை இருப்பதோ இறப்பதோ அந்த உரிமைக்குக் குறுக்கே நிற்பதில்லை. அதனால்தான் பழைய நூல்கள் அதை அப்ரதிபந்த தாயம், அதாவது தடையற்ற உரிமை என்றன. ‘மகனைப் போலவே’ என்று சட்டம் சொல்லிவிட்ட பிறகு, மகளின் உரிமைக்கு மட்டும் தந்தையின் உயிரை நிபந்தனையாக வைப்பது எப்படி? தந்தை இறந்தபோது அவருடைய பங்கு எவ்வளவு என்று கணக்கிட 1956 சட்டம் ஒரு கற்பனைப் பிரிவினையைச் செய்யச் சொன்னது. அது கணக்குக்கான கற்பனை மட்டுமே, குடும்பம் உண்மையில் பிரிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது என்றும் மூவர் அமர்வு சொன்னது. உங்கள் அம்மாவுக்கு மிக முக்கியமான வரி இதுதான். 1997இல் தாத்தா இறந்ததாலேயே குடும்பச் சொத்து பிரிந்துவிடவில்லை. இரண்டு மகன்களின் கையில் அது கூட்டுச் சொத்தாகவே தொடர்ந்தது. (ஒரே மகன் மட்டும் இருந்திருந்தால், கூட்டு அங்கேயே முடிந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் உண்டு. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.)

கணக்காகச் சொன்னால் வித்தியாசம் புரியும். பழைய முறையில் தாத்தா, இரண்டு மாமாக்கள் என மூன்று பங்கு. தாத்தாவின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். அம்மாவுக்கு மொத்தத்தில் ஒன்பதில் ஒன்று. மீதமிருக்கும் 3 ஏக்கரில் அது 33 சென்ட். 2020 தீர்ப்பின்படி தாத்தா, மாமாக்கள், அம்மா என நான்கு பங்கு. தாத்தாவின் கால் பங்கும் மூவருக்கும் சமமாகப் பிரியும். கூட்டிப் பார்த்தால் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, அதாவது 1 ஏக்கர். ஒன்றைக் கவனியுங்கள். 2005 திருத்தம் வராத 1997இலேயே அம்மாவுக்கு அந்த ஒன்பதில் ஒரு பங்கு உண்டு. “உனக்கு எதுவுமே இல்லை” என்ற பேச்சு, தாத்தா இறந்த நாளிலிருந்து எந்தச் சட்டப்படியும் உண்மையாக இருந்ததில்லை.

ஒரு வருத்தத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2015க்கும் 2020க்கும் இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், தந்தை முன்பே இறந்துவிட்டார் என்ற ஒரே காரணத்தால் வழக்கு தள்ளுபடியாகி, மேல்முறையீட்டுக்குப் பணமோ தெம்போ இல்லாமல் விட்டுவிட்ட பெண்கள் இருக்கிறார்கள். இறுதியாகிவிட்ட தீர்ப்பை, பின்னால் சட்ட விளக்கம் மாறியது என்பதற்காகத் திறக்க முடியாது. நிலுவையில் இருந்த வழக்குகளை முடிந்தவரை ஆறு மாதங்களில் முடியுங்கள் என்று மூவர் அமர்வு சொன்னது. வழக்கை விட்டுவிட்டவர்களுக்குச் சொல்ல அதனிடம் ஒன்றுமில்லை. சட்டக் கட்டுரைகள் 2020 தீர்ப்பைக் கொண்டாடும்போது இந்தப் பெண்களை ஒரு வரியிலாவது நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்து, நீங்கள் கடிதத்தில் ஐந்து இடத்தில் எழுதியிருக்கும் ‘பூர்வீகச் சொத்து’ என்ற சொல். அந்தச் சொல்லை இப்போதைக்குக் கீழே வையுங்கள். தாத்தாவின் சொத்து எல்லாம் பூர்வீகச் சொத்து என்று நம் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். சட்டத்தில் அப்படியில்லை. இந்த 4 ஏக்கர் உங்கள் தாத்தாவுக்கு எப்படி வந்தது? அவருடைய அப்பா, பாட்டனார் என்று வழிவழியாக 1956க்கு முன்பே இறங்கி வந்திருந்தால் அது கூட்டுக்குடும்பச் சொத்து. மேலே போட்ட கணக்கு அதற்குத்தான். தாத்தாவே கிரயம் வாங்கியிருந்தால் அது அவருடைய சுய சம்பாத்தியம். அவருடைய அப்பா சுயமாகச் சம்பாதித்து, 1956க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்து, அந்த வழியில் தாத்தாவுக்கு வந்திருந்தாலும் அது தாத்தாவின் தனிச் சொத்துதான். சந்தர் சென் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி இது.

தனிச் சொத்து என்றால் அம்மாவுக்கு நல்லதா, கெட்டதா? நல்லது. 1956 சட்டத்தின் 8ஆவது பிரிவுப்படி மகன்களோடு சமமாக மூன்றில் ஒன்று நேராக வருகிறது. 1989, 2005, 2020 எதுவும் தேவையில்லை. தந்தை எந்த ஆண்டு இறந்தார் என்ற சண்டையும் இல்லை. அப்படியிருந்தும் வழக்குரையில் முதல் வரியிலேயே “பூர்வீகச் சொத்து” என்று எழுதித் தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்ட மகள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூலப் பத்திரத்தைப் பார்க்கும் முன் அந்தச் சொல்லை நோட்டீஸில்கூட எழுதவிடாதீர்கள்.

இனி கூர்சீட்டு. மாமாக்களின் உண்மையான கோட்டை இதுதான், அவர்கள் வாயால் சொன்ன மூன்று பதில்களில் இல்லை. 2005 திருத்தம் ஒரு விதிவிலக்கை வைத்திருக்கிறது: 2004 டிசம்பர் 20க்கு முன் நடந்த பிரிவினை, விற்பனை, உயில் போன்றவற்றை இந்தத் திருத்தம் தொடாது. திருத்த மசோதா மாநிலங்களவையில் அறிமுகமான நாள் அது. மசோதாவைப் பார்த்ததும் குடும்பங்கள் அவசரமாகப் பாகம் பிரித்து மகள்களைத் தவிர்த்துவிடக் கூடாது என்பதற்காக அந்தத் தேதி. உங்கள் மாமாக்களின் கூர்சீட்டு 1999. தேதியை மட்டும் பார்த்தால் அது தப்பித்துவிடும்.

ஆனால் அதே சட்டம், பிரிவினை என்றால் பதிவு செய்த பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ நடந்தது என்று விளக்கமும் சொல்கிறது. இந்தக் கூர்சீட்டுகளை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். குறைந்த மதிப்புள்ள முத்திரைத்தாள், ஓரம் மஞ்சளித்து மடிப்பில் கிழிந்திருக்கும். நான்கெல்லை சொல்லி, வடபுறம் மூத்தவருக்கு, தென்புறம் இளையவருக்கு என்று எழுதி, கீழே நாட்டாமையும் மணியக்காரரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நடுவில் ஒரு வரி வரும்: “சகோதரிக்கு ஏற்கெனவே சீர் செய்து கொடுத்துவிட்டபடியால் அவருக்கு இதில் யாதொரு பாத்தியமும் இல்லை.” அந்தச் சகோதரியின் கையெழுத்து மட்டும் எங்கும் இருக்காது. பதிவாகாத அந்தத் தாளைப் பிரிவினை நடந்ததற்கு ஆதாரமாக ஏற்க முடியாது. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்ற வாதத்தையும் 2020 தீர்ப்பு சாதாரணமாக ஏற்கக் கூடாது என்கிறது. மகளை ஏமாற்ற அந்த வாதத்தை எளிதாக உருவாக்கிவிடலாம் என்பதை நீதிபதிகள் நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் கதவை அவர்கள் முழுவதும் சாத்தவில்லை. அரசு ஆவணங்களின் துணையோடு, தீர்ப்பாணை போட்டுப் பிரித்ததற்கு இணையாக வெளிப்பட்டிருக்கும் வாய்மொழிப் பிரிவினையை அபூர்வமாக ஏற்கலாம் என்றார்கள். என் பார்வையில் தீர்ப்பின் பலவீனமான இடம் இது. சட்டம் ‘பதிவு அல்லது தீர்ப்பாணை’ என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு இந்த இடுக்கு தேவையில்லை. தமிழ்நாட்டில் இனி மகள்களின் வழக்குகள் இந்த இடுக்கில்தான் நடக்கும். மாமாக்கள் 1999க்குப் பிறகு தனித்தனிப் பட்டா, தனித்தனி மின் இணைப்பு, தனித்தனிப் பயிர்க்கடன் என்று அடுக்கிக் காட்டுவார்கள். பட்டா உரிமை மூலம் ஆகாது என்பது பழைய விதி. ஆனாலும் 2004 டிசம்பருக்கு முந்தைய தேதியில் தனிப்பட்டா இருந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். எந்த ஆண்டில், யார் மனுவின் பேரில், அம்மாவுக்கு அறிவிப்புக் கொடுத்துத்தான் பட்டா மாற்றினார்களா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். வாரிசுச் சான்றிதழில் அம்மாவின் பெயரை விட்டிருந்தால் அது உங்களுக்குப் பெரிய ஆயுதம்.

2003இல் விற்ற 1 ஏக்கரைப் பற்றி ஆசை வைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 20க்கு முந்தைய விற்பனை என்பதால் 2005 திருத்தத்தைக் கொண்டு அதைத் தொட முடியாது. 1997இலேயே அம்மாவுக்கு வந்துவிட்ட சிறு பங்கை மாமா விற்க அதிகாரமில்லைதான். ஆனால் வாங்கியவர் இருபது வருடத்துக்கும் மேலாக அனுபவிக்கிறார். 12 ஆண்டுக் காலவரையறை முடிந்துவிட்டது என்பார், ஜெயிக்கவும் செய்வார்.

மீதி 3 ஏக்கருக்கு அந்தக் காலவரையறை தடையாக இருக்குமா? கூட்டுப் பங்குதாரர்களில் ஒருவர் நிலத்தை வைத்திருந்தால் எல்லோருக்காகவும் வைத்திருப்பதாகவே சட்டம் கொள்ளும். “உனக்குப் பங்கு இல்லை” என்று வெளிப்படையாக மறுத்து, அது அம்மாவுக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் 12 ஆண்டு ஓடத் தொடங்கும். ஆகவே பொங்கலுக்கு அந்த வயலின் அரிசி மூட்டை உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்ததாக நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி, உங்கள் கடிதத்திலேயே மதிப்புள்ள வரி. எந்த வருடம் வரை வந்தது, யார் கொண்டுவந்தார், யார் பார்த்தார் என்று எழுதிவையுங்கள். பங்கு இல்லை என்று முதன்முதலில் சொன்ன நாளையும் எழுதிவையுங்கள். நீதிமன்றக் கட்டணமும் இதைப் பொறுத்தது. கூட்டு அனுபவத்தில் இருப்பவர் நிர்ணயித்த சிறு கட்டணம் கட்டினால் போதும், அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் தன் பங்கின் சந்தை மதிப்புக்கு ஏற்பக் கட்ட வேண்டும். மனை விலை போகும் நிலத்தில் அது பெரிய தொகை.

நகையும் சீரும் பங்குக்கு ஈடாகுமா என்றால், ஆகாது. திருமணச் செலவு பாகப்பிரிவினை இல்லை. மாமாக்களின் திருமணத்துக்கும் அந்த நிலத்து வருமானத்தில்தானே செலவு நடந்திருக்கும். அதை யாரும் அவர்கள் பங்கில் கழிக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. நான் சொன்னது எல்லாம் தந்தை 1956க்குப் பிறகு இறந்த இந்துக் குடும்பத்துக்கு. அதற்கு முன் இறந்திருந்தால் பாதை வேறு. 2022 ஜனவரியில் அருணாசலக் கவுண்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1949இல் மகன் இல்லாமல் இறந்தவரின் தனிச் சொத்து மகளுக்கே என்றது. 2024 நவம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், 1956க்கு முன் மனைவியை விட்டுவிட்டு இறந்தவரின் மகளுக்குப் பங்கு இல்லை என்றது. பழங்குடியினருக்கு இந்து வாரிசுரிமைச் சட்டமே பொருந்தாது. அங்கே சமத்துவக் கோட்பாட்டைக் கொண்டுதான் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு பழங்குடிப் பெண்ணின் வாரிசுகளுக்குச் சம பங்கு கொடுத்தது. உறவினர் யாராவது “இதோ புதிய தீர்ப்பு” என்று ஒரு செய்தித் துணுக்கை அனுப்பினால், யார் எந்த ஆண்டு இறந்தார், என்ன வகைச் சொத்து என்ற இரண்டையும் பார்க்காமல் மகிழவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

தாய்மாமன் உறவு அறுந்துவிடும் என்று அம்மா அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. உங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு முதல் தட்டு அவர்கள் கொண்டுவர வேண்டும். அதனால் நேரே வழக்குப் போடுவதற்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள் வருமான வரம்பே இல்லாமல் அங்கே இலவசச் சட்ட உதவி பெறலாம். இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார்கள், சமரசம் ஆனால் மக்கள் நீதிமன்றத்தின் தீர்ப்பாக எழுதித் தருவார்கள். அதற்குள் நிலம் கைமாறும் என்ற சந்தேகம் வந்தால் மட்டும் தாமதிக்காமல் பாகப்பிரிவினை வழக்கும் விற்பனைக்கு இடைக்காலத் தடையும் கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அம்மாவிடம் ஒன்றைக் கேளுங்கள், தனியாக, நிதானமாக. எப்போதாவது மாமாக்கள் அழைத்துப்போய்ப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் கையெழுத்தோ கைரேகையோ வைத்தாரா? சார்பதிவாளர் அலுவலகத்து மர பெஞ்சில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். “பட்டா மாற்றத்துக்கு ஒரு கையெழுத்து” என்று தம்பி அழைத்துவந்திருந்தார். உள்ளே போய் மை தொட்டு வைத்துவிட்டு, வெளியே வந்து தம்பி வாங்கிக்கொடுத்த பழரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா கையெழுத்திட்டது விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டதாக எழுதும் பத்திரம். பதிவான விடுதலைப் பத்திரத்தின் முன்னால் வினீதா சர்மா தீர்ப்பு உதவாது. ஏமாற்றி வாங்கினார்கள் என்றால் அது தெரிந்த மூன்று ஆண்டுகளுக்குள் ரத்து கேட்க வேண்டும், ஏமாற்றியதை நிரூபிக்கவும் வேண்டும். அம்மா நினைவில்லை என்றாலும் விடாதீர்கள். அந்தச் சர்வே எண்களுக்கு 1975 முதல் இன்றுவரை வில்லங்கச் சான்று எடுத்து, அம்மாவின் பெயர் எழுதிக்கொடுத்தவராக எங்காவது வருகிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். வரவில்லை என்றால் மூலப் பத்திரத்தின் நகலுக்கு மனுப் போடுங்கள்.